வயலில் ஒரு நாள்

கடப்பாக்கம் ஏரிக்கரை இறக்கத்தில்
போர்டு வைத்திருக்கிறார் முனிரத்தினம்.
பெரியவர் நானூற்றைம்பது,
சிறுவர் இருநூற்றைம்பது,
பம்புசெட் குளியல் தனி.
மாட்டு வண்டி ஒரு சுற்று இலவசம்.
இரண்டாம் சுற்றுக்கு
மாடுகள் சம்மதிக்க வேண்டும்.

இதுவும் மாநகராட்சி வார்டுதான்.
குப்பை வண்டி வருகிறது, சொத்து வரி வருகிறது.
ஞாயிறு பத்து மணிக்கு மேல்
அண்ணா நகர் வருகிறது, வேளச்சேரி வருகிறது.
கார்க் கதவு திறந்ததும்
முதலில் இறங்குவது ஒரு தொப்பி.

என் வேலை மூன்றாம் பாத்தி.
முழங்கால் சேற்றில் நின்று
கயிறு பிடித்துக் காட்டுவேன்.
"கயித்துக்கு இந்தாண்ட நில்லுங்க சார்.
ரெண்டு வெரல் ஆழம் போதும்.
பொதைக்கல, நடறோம்."
சிரிப்பார்கள்.
நாற்றை மிதக்க விட்டுவிட்டு
கையை மட்டும் நட்டுவிட்டுப் போவார்கள் சிலர்.

"இந்தச் சேறு ஸ்கின்னுக்கு நல்லதாமே?"
கேட்ட அம்மாள்
என் கால்விரல் இடுக்கைப் பார்த்துவிட்டு
பதிலைத் தானே எடுத்துக்கொண்டார்.

பம்புசெட்டில் யாரும் சொல்லிக் கேட்பதில்லை.
வங்கி மேலாளராம், தொட்டிக்குள் உட்கார்ந்து
தலையைக் குழாய்க்குக் கொடுத்து
"ஓ" என்று கத்திக்கொண்டே இருந்தார்.
மனைவி மூன்று தடவை கூப்பிட்டு
அப்புறம் அவரும் இறங்கிவிட்டார்.
அது மட்டும் எனக்குப் பிடிக்கும்.
அந்தக் கத்தல்.

பொழுது சாய்ந்தால்
தெற்கே மணலிப் பக்கம்
புகைக்கம்பத்தின் உச்சியில் தீ துடிக்கும்.
ஒரு சின்னப் பெண் கேட்டாள்,
"அது எந்தக் கோயில்?"
வண்டிக்கார எத்திராஜுலு
மூக்கணாங்கயிற்றை விடாமல் சொன்னார்:
"அங்கேர்ந்துதான் பாப்பா
உங்கப்பா காருக்கு எண்ண வருது."
பாப்பா கும்பிட்டது.

திங்கள்கிழமை
நானும் தேசம்மாவும்
அவர்கள் நட்டதையெல்லாம் பிடுங்குவோம்.
வேர் அலசி, முடி கட்டி,
தண்ணீரில் நிறுத்தி வைப்போம்
அடுத்த ஞாயிறுக்கு.
ஐந்து தடவை நடப்பட்ட நாற்று ஒன்றிருக்கிறது.
நுனி பழுத்துவிட்டது.
ஆனாலும் ஆள் வந்தால்
நிமிர்ந்துகொள்கிறது.

பிடுங்கும்போது கிடைத்தவை:
தலைக் கிளிப் ஏழு,
ஒற்றைக் கால் கொலுசு,
காதில் செருகும் பாட்டுக் கருவி ஒன்று.
அழுத்திப் பார்த்தாள் தேசம்மா.
சேற்றுக்குள்ளிருந்து யாரோ
மெல்லிய குரலில்
பேட்டரி குறைவு என்றார்கள்.

செவ்வாய் எங்களுக்கு லீவு.
போன செவ்வாய் நாங்கள்
சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம்.
புதுநகர் போய், பஸ் மாறி, விம்கோ நகர்.
நகரும் படிக்கட்டில் முதல் தடவை பயம்.
இறங்கி வந்து மறுபடி ஏறினோம்.
காவலுக்கு நின்ற பெண்
பார்க்காத மாதிரி நின்றாள், நல்லவள்.

மெட்ரோவில் குளிர்.
இடப்பக்கம், மொட்டை மாடிகளுக்கு மேலே
கடல் கொஞ்சம், துணி கொஞ்சம், மறுபடி கடல்.
தேசம்மா புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு
நானூற்றைம்பதுக்கு இது எவ்வளவோ மேல் என்றாள்.
எதிர் சீட்டுப் பையன்
எங்கள் நகக்கண்ணில் காய்ந்திருந்ததைப்
பார்த்தான். நாங்கள்
அவன் வெள்ளை ஷூவைப் பார்த்தோம்.
டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம், இரண்டு தரப்பும்.

தண்டையார்பேட்டை தாண்டியதும்
வண்டி தலை குனிந்து
பூமிக்குள் இறங்கியது.
ஜன்னல் கறுத்தது.
தேசம்மா கண்ணாடியில் கை வைத்து
சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கிணறு வெட்டுகிற இடத்தில் நின்று
பார்ப்பாளே, அப்படி.
பிறகு பையனிடம் கேட்டாள்:
"தம்பி, இங்க எத்தினி அடியில தண்ணி?"

காதிலிருந்ததை எடுத்தான்.
கேள்வியை இன்னொரு தடவை வாங்கிக்கொண்டான்.
கதவுக்கு மேலிருந்த படத்தில்
விரல் வைத்துத் தேடி,
"அடுத்து மண்ணடிங்க" என்றான்.

"மண்ணடிதான் கண்ணு,
அது தெரியுது.
எத்தினி அடி?"